நூலை விட்ட பிறகு சுழற்சி எங்கே போகிறது?

காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பட்டாலை என்னும் கூடத்தில், சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், என் பேத்தி கேரம் பலகையின் ஸ்ட்ரைக்கரை எடுத்து, அதன் விளிம்பில் ஒரு நூலை ஒட்டி, நூலின் மறுமுனையில் கண்ணி போட்டு, அந்தக் கண்ணிக்குள் ஒரு பென்சிலைச் செங்குத்தாக ஊன்றிப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரைக்கரைச் சுண்டிச் சுண்டி வட்டமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலைச் சட்டென்று தூக்கியதும் ஸ்ட்ரைக்கர் வட்டத்தை விட்டு விலகி, நேராக ஓடித் தூணில் மோதி நின்றது. "ஐயா, இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டிருந்துச்சே, அந்தச் சுத்து இப்ப எங்க போச்சு?" என்று கேட்டாள்.

கேட்டது சிறுபிள்ளை என்றாலும் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று. வெளியிலிருந்து திருப்பு விசை எதுவும் செயல்படாதவரை ஒரு பொருளின் கோண உந்தம் மாறாது என்று மேல்நிலை வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் நூலை விட்டதும் பொருள் சுழலாமல் நேராகப் போய்விடுகிறது. சுழற்சியே இல்லாத இடத்தில் சுழற்சியின் அளவு மட்டும் எப்படி மாறாமல் இருக்க முடியும்? பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கோண உந்தம் என்றாலே வட்டமாகச் சுற்றும் பொருளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

முதலில், விட்ட பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மையத்திலிருந்து வெளிநோக்கி, அதாவது நூல் நீண்டிருந்த திசையிலேயே அது பறந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த செம்மண் சாலையில் மட்காப்பு இல்லாத மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவரின் சட்டை முதுகைப் பார்த்தால் இந்த எண்ணம் தவறென்று விளங்கிவிடும். பின்சக்கரத்தில் ஒட்டிய சேறு ஆரத்தின் திசையில் வெளியேறுவதாக இருந்தால், சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து பிரிவது பின்னோக்கியும், மேற்பக்கத்திலிருந்து பிரிவது வானத்தை நோக்கியும் போயிருக்க வேண்டும். ஓட்டுபவரின் முதுகில் ஒரு துளியும் படக் காரணமில்லை. உண்மையில், சக்கரத்தின் பின்பக்கத்துக்கும் உச்சிக்கும் இடையில் பிரியும் சேறு, ஓட்டுபவரின் கண்ணோட்டத்தில், மேல்நோக்கியும் முன்னோக்கியும் பாய்கிறது. அந்த இடத்தில் சக்கரத்தின் விளிம்பு எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்ததோ அதே திசை அது. வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் அந்தக் கோட்டைத்தான் கணக்குப் பாடத்தில் தொடுகோடு என்கிறோம். வெள்ளைச் சட்டையில் முதுகெலும்பு நெடுக விழுந்திருக்கும் செம்மண் கோடு அந்தத் தொடுகோட்டுக்குச் சாட்சி.

கவண் எறியப் பழகியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். கதிர் முற்றிய நேரத்தில் பரண் மீது நின்று பறவை ஓட்டுபவர், தலைக்கு மேல் இடஞ்சுழியாகக் கவணைச் சுழற்றி வடக்கே கல்லை அனுப்ப விரும்பினால், கல் வடக்கே வரும்வரை காத்திருப்பதில்லை. அது கிழக்கே, அவருடைய வலப்பக்கத்தில் இருக்கும்போதே கயிற்றின் ஒரு முனையை விட்டுவிடுவார். கல் கிழக்கில் இருக்கும்போது அதன் வேகம் வடக்கை நோக்கி இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. நூலோ கயிறோ செய்வதெல்லாம், நேராகப் போக முயலும் பொருளை நொடிக்கு நொடி மையத்தை நோக்கி இழுத்து வளைப்பதுதான். அந்த இழுப்பு நின்றுவிட்டால் வளைப்பதற்கு ஆளில்லை. பொருள் தன்னுடைய அந்த நேரத்து வேகத்தோடு அந்தத் திசையிலேயே போகிறது. வெளிநோக்கித் தள்ளும் விசை எதுவும் அங்கே புதிதாகப் பிறப்பதில்லை.

இனிக் கோண உந்தத்துக்கு வருவோம். ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு, அந்தப் புள்ளியைப் பொறுத்து ஒரு பொருளுக்கு எவ்வளவு கோண உந்தம் இருக்கிறது என்று கேட்டால், விடை மூன்று அளவுகளின் பெருக்கல்: பொருளின் நிறை, அதன் வேகம், பொருள் சென்றுகொண்டிருக்கும் கோட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவு. இந்த மூன்றாவது அளவைப் படிக்கும்போதுதான் கவனம் தேவை. பொருளுக்கும் புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு என்று நான் சொல்லவில்லை; பொருள் செல்லும் கோட்டை முன்னும் பின்னும் நீட்டினால், அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையில் மிகக் குறுகிய தொலைவு எதுவோ அதுதான் கணக்கில் சேரும். இந்த இலக்கணத்தில் வட்டம் என்ற சொல்லே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். சத்திரத்தின் வாசலில் நிற்கும் ஒருவரை இடிக்காமல், பத்தடி தள்ளி நேர்சாலையில் போகும் பேருந்துக்கும் அவரைப் பொறுத்துக் கோண உந்தம் உண்டு. அவரை நோக்கி நேராக வரும் பேருந்துக்குத்தான் அவரைப் பொறுத்துக் கோண உந்தம் சுழியம். அவர் அப்போது கவலைப்பட வேண்டியது வேறு உந்தத்தைப் பற்றி.

இதை எண்களில் பார்ப்பதற்கு எங்கள் பட்டாலையின் தரை மிகவும் உதவியாக இருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்து, தண்ணீரில் பதப்படுத்தி எடுக்கும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை அது. எட்டு அங்குலச் சதுரக் கற்கள், கோடு பிசகாமல் நேர்வரிசையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு வசதிக்காக ஒரு கல்லின் பக்கத்தை 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐந்து கல் ஒரு மீட்டர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருபவர்கள் தரையில் பூவையும் கொடியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது கட்டம் போட்ட வரைபடத் தாளாகவே தெரிகிறது.

நான்கு கற்கள் கூடும் ஒரு மூலையில் பென்சிலை ஊன்றுகிறோம். நூலின் நீளம் ஐந்து கல், அதாவது ஒரு மீட்டர். ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராம். அது நொடிக்குப் பத்துக் கல், அதாவது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. தரையின் உராய்வை இப்போதைக்கு மறந்துவிடுவோம். பென்சிலைப் பொறுத்து ஸ்ட்ரைக்கரின் கோண உந்தம் 0.015 பெருக்கல் 2 பெருக்கல் 1, ஆக 0.03 அலகு. ஸ்ட்ரைக்கர் பென்சிலுக்கு நேர் கிழக்கே வரும் நொடியில் பென்சிலைத் தூக்குகிறோம். அது வடக்கு நோக்கி, கற்களின் இணைப்புக் கோட்டின் மேலேயே நேராக ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கும் பென்சில் ஊன்றியிருந்த மூலைக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவு எப்போதும் ஐந்து கல்தான். ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது மாறப்போவதில்லை. நிறை மாறவில்லை, வேகம் மாறவில்லை, செங்குத்துத் தொலைவும் மாறவில்லை. ஆகவே கோண உந்தம் அதே 0.03.

இதில் ஏதோ சொல் ஜாலம் இருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆகையால் வேறு வழியிலும் சரிபார்ப்போம். ஸ்ட்ரைக்கர் வடக்கே 12 கல் ஓடிய பிறகு பென்சில் இருந்த மூலையிலிருந்து அதன் தொலைவு என்ன? ஒரு பக்கம் 5, மறுபக்கம் 12 என்றால் செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 13. அதாவது தொலைவு 13 கல், 2.6 மீட்டர். இப்போது அதன் 2 மீட்டர் வேகம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஒரு பகுதி மூலையிலிருந்து அதை விலக்குகிறது, மற்றொரு பகுதி மூலையைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. பக்கவாட்டுப் பகுதி 2-இல் பதின்மூன்றில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 0.77 மீட்டர். தொலைவாகிய 2.6-ஐ இந்த 0.77 ஆல் பெருக்கினால் மீண்டும் 2 வருகிறது. தொடக்கத்தில் 1 மீட்டரை 2 ஆல் பெருக்கியபோது வந்த அதே 2. தொலைவு எத்தனை மடங்கு கூடியதோ, பக்கவாட்டு வேகம் அத்தனை மடங்கு குறைந்திருக்கிறது. குறைந்தது கோணத் திசைவேகம்; கோண உந்தம் அன்று. மூலையில் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரையே பார்த்துக்கொண்டிருப்பவர், தொடக்கத்தில் தலையை வேகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். அது விலக விலக மெதுவாகத் திருப்பினால் போதும். ஆனால் ஒருபோதும் திருப்புவதை முழுதாக நிறுத்த முடியாது. பேத்தி கேட்ட 'சுத்து' அந்தத் தலைத்திருப்பலில் மிச்சமிருக்கிறது.

கற்களை எண்ணியே இதை மெய்ப்பிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தமானது. பென்சில் மூலைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையில் ஒரு கற்பனை நூல் எப்போதும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்வோம். வட்டத்தில் சுற்றும்போது அந்த நூல் ஒரு நொடியில் தரையில் எவ்வளவு பரப்பைத் துடைத்துச் செல்கிறது? ஆரத்தையும் ஒரு நொடியில் சென்ற வில்லின் நீளத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும்: ஐந்து பெருக்கல் பத்து, அதில் பாதி, 25 கல் பரப்பு. விட்ட பிறகு? ஒரு நொடியில் அது பத்துக் கல் வடக்கே போகிறது. மூலையோடு சேர்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் பத்தும் உயரம் ஐந்துமான ஒரு முக்கோணம். அதன் பரப்பும் 25 கல். அடுத்த நொடியில் இன்னொரு முக்கோணம், மிகவும் சாய்ந்தும் மெலிந்தும் நீண்டும் இருக்கும். ஆனால் அடிப்பக்கம் அதே பத்து, உயரம் அதே ஐந்து, பரப்பு அதே 25. கோள்கள் சூரியனைச் சுற்றும்போது சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கின்றன என்று கெப்ளர் 1609-இல் வெளியிட்டார். நியூட்டன் 1687-இல் வெளியான தம் பிரின்சிப்பியா நூலில் அதற்கு நிறுவல் தரும்போது, முதல் அடியாக எடுத்துக்கொண்டது சுற்றும் கோளை அன்று. எந்த விசையும் படாமல் நேர்கோட்டில் போகும் பொருளைத்தான். அடிப்பக்கமும் உயரமும் ஒன்றாக இருக்கும் முக்கோணங்களின் பரப்பு ஒன்றே என்பதை அங்கே நிறுவிக்கொண்டு, அதன் மேல்தான் சுற்றுப்பாதையைக் கட்டினார். சுற்றுவதும் நேராகப் போவதும் இரு வேறு உலகங்கள் என்று நாம் கருதிக்கொண்டிருக்க, அவர் நேர்கோட்டை அடித்தளமாக வைத்து வட்டத்தை எழுப்பியது வியப்புக்குரியது.

ஏன் மாறுவதில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. நூலின் இழுப்பு ஸ்ட்ரைக்கரிலிருந்து நேராகப் பென்சிலை நோக்கி இருந்தது. கதவைத் திறக்க விரும்புபவர் கீலை நோக்கித் தள்ளினால் கதவு எப்படி அசையாதோ, அப்படியே மையத்தை நோக்கிய இழுப்புக்கு அந்த மையத்தைப் பற்றித் திருப்பும் ஆற்றல் இல்லை. ஆக, நூல் இருந்தபோதும் அது கோண உந்தத்தைக் கொடுக்கவுமில்லை, காத்து வைத்திருக்கவுமில்லை. எதையும் கொடுக்காத ஒன்றை விலக்குவதால் எதுவும் குறையாது. நூலை விடுவது என்பது, கோண உந்தத்தின் கணக்கேட்டில் வரவும் செலவும் எழுதப்படாத ஒரு நிகழ்வு.

கவண்கல்லுக்கு இதே வாதத்தைப் பொருத்தும்போது ஒரு திருத்தம் தேவை. பறக்கும் கல்லைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அந்த இழுப்பு எறிந்தவரின் கையைப் பொறுத்துத் திருப்பு விசையைத் தரவே செய்யும். ஆனால் ஈர்ப்பு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருப்பதால், எறிந்தவரின் உடல் வழியாகச் செல்லும் செங்குத்து அச்சைப் பற்றிய பங்கை அது தொடுவதில்லை. தலைக்கு மேல் கிடைமட்டமாகச் சுற்றிய சுற்றின் கோண உந்தம், காற்றின் தடையை ஒதுக்கினால், கல் தரையில் விழும்வரை அப்படியே இருக்கும். கோண உந்தத்தைப் பற்றிப் பேசும்போது எந்தப் புள்ளியைப் பொறுத்து, எந்த அச்சைப் பற்றி என்று சொல்லாமல் பேசுவது, ஊர்ப் பெயர் எழுதாமல் கடிதத்தைத் தபாலில் போடுவது போன்றது.

இதுவரை ஸ்ட்ரைக்கரை ஒரு புள்ளியாகவே கருதினோம். அதன் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்தால் இன்னொன்று தெரியும். நூல் ஒட்டிய விளிம்பு எப்போதும் பென்சிலைப் பார்த்தபடியே இருப்பதால், ஸ்ட்ரைக்கர் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தன்னைத் தானேயும் ஒருமுறை திருப்பிக்கொள்கிறது. நிலவு எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதும் இவ்விதமே. நூலை விட்ட பிறகு இந்தத் தற்சுழற்சியும் நிற்பதில்லை. நேராக ஓடிக்கொண்டே ஸ்ட்ரைக்கர் அதே வேகத்தில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டும் போகிறது. அளவில் இது மிகச் சிறியது: ஸ்ட்ரைக்கரின் ஆரம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான் என்பதால், தற்சுழற்சியின் கோண உந்தம் மையத்தைச் சுற்றிய பங்கில் ஐயாயிரத்தில் ஒன்று அளவே இருக்கும். கோண உந்தம் இவ்விரு பங்குகளின் கூட்டுத்தொகை என்பதும், விடும்போது இரண்டும் தனித்தனியே காப்பாற்றப்படுகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

தற்சுழற்சிப் பங்கு கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமானால் தட்டாமாலை சுற்றும் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் கையை ஒருவர் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து சுற்றுகிறார்கள். ஒவ்வொருவரும் 30 கிலோ எடை, இருவருக்கும் நடுவிலுள்ள மையத்திலிருந்து ஒவ்வொருவரின் உடல் நடுவும் 60 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரின் வேகமும் நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர். கைகளில் தாங்க வேண்டிய இழுப்பு 310 நியூட்டனுக்கு மேல். அதாவது எதிரே நிற்கும் பிள்ளையை அப்படியே தூக்கிப் பிடித்திருப்பதற்குச் சமம். வியர்த்த கைகள் வழுக்குவதில் வியப்பில்லை. கை விட்டதும் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் தொடுகோட்டில் போகிறார்கள். நேர்கோட்டு உந்தங்கள் எதிரெதிராக இருப்பதால் கூட்டினால் சுழியம்; ஆனால் கோண உந்தங்கள் இரண்டும் இடஞ்சுழியாகவே இருப்பதால் ஒன்றையொன்று அழிப்பதில்லை, சேர்ந்துகொள்கின்றன. சுற்றிக்கொண்டிருந்தபோது இருந்த மொத்தம் விட்ட பிறகும் அப்படியே இருக்கிறது. கவனித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: கை விட்டுப்போன பிள்ளை நேராகப் பின்னால் சாய்ந்து விழுவதில்லை; உடம்பு முறுக்கித் திரும்பியபடி விழுகிறது. ஒன்றரை நொடிக்கு ஒரு சுற்று என்ற தற்சுழற்சி அந்த உடம்பில் மிச்சமிருப்பதுதான் காரணம். முழங்கையில் சிராய்ப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தே எந்தச் சுழியில் சுற்றினார்கள் என்று சொல்லிவிடலாம் என்பேன். வீட்டில் யாரும் இதை நம்புவதில்லை.

அடுத்து, படித்தவர்களையே ஏமாற்றும் ஒரு கேள்வி. உராய்வில்லாமல் சுழலும் நாற்காலியில் ஒருவர், இரண்டு கைகளிலும் பலசரக்குக் கடையின் இரண்டு கிலோ எடைக்கற்களை ஏந்தி, கைகளை நீட்டியபடி சுழன்றுகொண்டிருக்கிறார். கைகளை உள்ளே இழுத்தால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கைகளை இழுக்காமல் எடைக்கற்களை அப்படியே நழுவ விட்டுவிட்டால் என்ன ஆகும்? "பாரம் குறைகிறது, நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது, கோண உந்தம் மாறக் கூடாது, ஆகவே வேகம் கூடும்" என்று விடை சொல்பவர்களே அதிகம். நிலைமத் திருப்புத்திறன் என்பது, பொருளின் நிறையும் அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்த ஓர் அளவு; அதைக் கோணத் திசைவேகத்தால், அதாவது சுழலும் வேகத்தால், பெருக்கினால் கோண உந்தம் கிடைக்கும். ஒவ்வொரு படியும் நியாயமாகத் தோன்றும். ஆனால் முடிவு தவறு.

எண்களில் பார்ப்போம். ஆளுக்கும் நாற்காலிக்கும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் 2 அலகு. எடைக்கற்கள் 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அவற்றுக்கும் ஏறத்தாழ 2 அலகு. கோணத் திசைவேகம் 3 அலகு என்றால் மொத்தக் கோண உந்தம் 12. அதில் ஆளிடம் 6, கற்களிடம் 6. கைகளின் நிறையைப் பொருட்படுத்தாமல், கற்களை 20 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டால், அவற்றின் பங்கு 0.16 ஆகச் சுருங்கி, மொத்தம் 2.16 ஆகிறது, 12-ஐத் தாங்கிக்கொள்ள வேகம் 5.6-க்கு ஏறுகிறது. கற்களை நழுவ விட்டாலோ, அவை தங்களுடைய 6-ஐத் தங்களோடு எடுத்துக்கொண்டு தொடுகோட்டில் போகின்றன. ஆளிடம் அவருடைய 6 மிஞ்சுகிறது. 2 அலகுக்கு 6 என்றால் வேகம் 3. எதுவும் மாறவில்லை. பாகப்பிரிவினை நடந்தால் தம்பியின் பங்கு தம்பியோடு போகும். அண்ணன் கையில் புதிதாக ஒன்றும் வந்து சேராது. மொத்தச் சொத்தும் மாறாது என்ற விதியை, பிரிந்துபோனவரை விட்டுவிட்டு எஞ்சியிருப்பவர்மீது மட்டும் பொருத்தியதே தவறான விடையின் மூலகாரணம். கைகளை உள்ளே இழுக்கும்போது நடப்பது வேறு: அங்கே கற்கள் தம் பங்கை ஆளிடம் கொடுத்துவிடுகின்றன. எறியும்போது கற்களைச் சுழற்சிக்கு எதிராகப் பின்னுக்குத் தள்ளிவிட்டாலும் ஆளின் வேகம் கூடும். ஆனால் அது தள்ளியதன் பயன், விட்டதன் பயன் அன்று.

இந்த வேறுபாட்டுக்குப் பம்பரத்தைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. சாட்டைக் கயிற்றைச் சுற்றிப் பம்பரத்தை வீசி இழுக்கும்போது, கயிறு பிரியும் நேரம் முழுவதும் அதன் இழுப்பு பம்பரத்தின் விளிம்பில் திருப்பு விசையாகச் செயல்படுகிறது. சுழற்சி முழுவதும் அந்த ஒரு கணப்பொழுதில் ஈட்டப்பட்டது. கயிற்றின் கடைசி முனை விலகும்போது புதிதாக எதுவும் சேர்வதில்லை. அதன் பிறகு காற்றில் பறக்கும் பம்பரத்தை ஈர்ப்பு கீழே இழுத்தாலும், அந்த இழுப்பு நிறை மையத்தின் வழியாகவே செல்வதால் தற்சுழற்சியைத் தொட முடிவதில்லை. பம்பரம் தரையில் ஆணி ஊன்றிய பிறகுதான் செலவு தொடங்குகிறது. ஆணியின் முனை கூராக இருப்பதால் உராய்வுக்குக் கிடைக்கும் நெம்புதூரம் மிகக் குறைவு. ஆகவேதான் அது அத்தனை நேரம் நின்று சுற்றுகிறது.

பம்பரத்தின் இதே வித்தையைத் தலைகீழாக்கி விண்கலங்களில் பயன்படுத்துகிறார்கள். ஏவும்போது நிலையாகப் போவதற்காகச் சில விண்கலங்களைக் கடைசி ராக்கெட் அடுக்கோடு சேர்த்துச் சுழல விடுவதுண்டு. பிறகு அந்தச் சுழற்சியை நிறுத்தியாக வேண்டும். வெஸ்டா என்ற சிறுகோளையும் சீரிஸ் என்ற குறுங்கோளையும் ஆராய 2007-இல் நாசா அனுப்பிய டான் விண்கலத்தில் அதற்கு இரண்டு சிறு எடைகளை நீண்ட கம்பிகளில் கட்டிக் கலத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். எடைகளை விடுவித்ததும் அவை விலகி, கம்பி பிரிந்துகொண்டே போய், அந்தக் கம்பியின் இழுப்பு கலத்தின் சுழற்சிக்கு எதிராகச் செயல்பட்டு அதைத் தணித்தது. பின்னர் கம்பிகள் கழன்று எடைகள் கோண உந்தத்தைச் சுமந்துகொண்டு விண்வெளியில் போய்விட்டன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட கலத்தைச் சில கிலோ எடை அடக்கியது எப்படி என்றால், செங்குத்துத் தொலைவு பெரிதாகும்போது சிறு நிறையும் பெருங்கோண உந்தத்தைச் சுமக்கும் என்பதனால்தான். கம்பியில்லாமல் எடைகளை வெறுமனே நழுவ விட்டிருந்தால், நாற்காலிக்காரருக்கு நேர்ந்ததுபோல, கலம் பழைய வேகத்திலேயே சுழன்றிருக்கும்.

பேத்தியின் ஸ்ட்ரைக்கருக்குத் திரும்புவோம். உண்மையான தரையில் உராய்வு உண்டு. கேரம் பொடி தூவினாலும் அது முழுதாகப் போகாது. ஓடும் ஸ்ட்ரைக்கரின் வேகத்தை உராய்வு நேர் எதிர்த்திசையில் இழுத்துக் குறைத்தது. பாதை கல்லின் கோட்டை விட்டுப் பிசகாவிட்டாலும் வேகம் குறையக் குறையக் கோண உந்தமும் குறைந்தது. எஞ்சியதைத் தூண் வாங்கிக்கொண்டது. தரையும் தூணும் வீட்டோடு, வீடு நிலத்தோடு, நிலம் பூமியோடு பிணைந்திருப்பதால், அந்த 0.03 அலகு முழுவதும் பூமியின் கணக்கில் சேர்ந்தது. பூமியின் தற்சுழற்சிக் கோண உந்தம், 6-க்குப் பின்னால் 33 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணுக்குச் சற்றுக் குறைவு. இந்த வரவால் அதன் நாள் நீளம் மாறிவிட்டதா என்று அளக்க எந்தக் கடிகாரத்தாலும் முடியாது. அப்படியானால் நாள்தோறும் உலகிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் பூமிக்குக் கோண உந்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களா என்று அவள் அடுத்துக் கேட்டாள். இல்லை. ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதை இடஞ்சுழியாக ஓட்டிய விரலின் எதிர்விசை, அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, பூமிக்கு அதே 0.03 அலகை வலஞ்சுழியாகக் கொடுத்திருந்தது. ஸ்ட்ரைக்கர் தூணில் மோதி நின்றபோது அந்தக் கடன் தீர்ந்தது.